பரலுக்குள் நீலோற்பலம்: மூன்றாம் முறை சரிவந்தது

போன செவ்வாய் காலை ஒன்பதே காலுக்கு, அலுவலகத்தில் இருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "பூத்திட்டுது. வெளிறின நீலம். கிட்டத்தட்ட வெள்ளைதான், ஆனால் நீலம்." நான் கேட்ட முதல் கேள்வி, "இதழ் எத்தனை? எண்ணிச் சொல்லுங்கோ." வெளியில் இருக்கிற பச்சை நாலையும் விட்டுவிட்டு எண்ணச் சொன்னேன். மொட்டை மாடி வெயிலில் நின்று எண்ணினார். பன்னிரண்டு. இன்னொரு தடவை எண்ணச் சொன்னதற்குப் பேச்சு விழுந்தது, ஆனாலும் எண்ணினார். அப்போதும் பன்னிரண்டுதான்.

இந்தப் பன்னிரண்டு இதழுக்குப் பதினேழு மாதமும் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேலும் போயிருக்கிறது. வன்னியில் குளத்துக்குக் குளம் சும்மா கிடக்கிற பூ, எங்கள் தேசிய மலரான நீல அல்லி. கொழும்பு வெள்ளவத்தையில் நாலு மாடிக்கு மேலே அதை வளர்க்கப் போய் நான் பட்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் தொட்டி. பாவித்த 200 லீற்றர் நீலப் பரல் ஒன்று 4,500 ரூபாய். குறுக்கே இரண்டாக வெட்டித் தர 500. ஒவ்வொரு பாதியும் விட்டம் 57 சென்ரிமீற்றர், உயரம் 43. பரலில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். எனது சவர்க்காரத் திரவம் வந்த பரல். நாலு நாள் கழுவியும் நுரை நிற்கவில்லை, ஐந்தாம் நாள்தான் அடங்கியது. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய ஹோஸ் குழாயை நீளமாகப் பிளந்து விளிம்பைச் சுற்றி மாட்டிவிட்டேன்.

பாரத்தையும் யோசிக்க வேண்டும். 35 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 90 லீற்றர், மண்ணோடு நூறு கிலோவைத் தாண்டிவிடும். எங்கள் கட்டட முகாமைத்துவம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கீழே தூண் எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே வைத்தோம். அந்த மூலைக்குக் காலை ஏழரையிலிருந்து இரண்டு மணி வரை வெயில். பிறகு பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்துவிடும். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் அல்லி இலை மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இடம் அமைந்தது அதிர்ஷ்டம்.

மண்ணில் இரண்டு பிழை விட்டேன். முதல் பிழை, பூச்செடிக்கென்று பையில் விற்கிற கலவையை (1,200 ரூபாய்) அப்படியே சாடிக்குள் போட்டது. அதில் பாதி தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்). தண்ணீருக்குள் இறக்கிய ஐந்து நிமிடத்தில் எல்லாம் மேலே வந்து, தொட்டி பால் விட்ட தேநீர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது, வெறும் களிமண்ணில் சத்து இருக்காது என்று ஒரு கிலோ மாட்டெரு கலந்தது. எட்டாம் நாள் தண்ணீர் கிளிப்பச்சை. மூன்றாம் முறை கடுவலைப் பக்கமிருந்து வயல் மண் ஒரு உரப்பை எடுப்பித்தேன். மண் சும்மா கிடைத்தது, திரீவீலருக்கு 1,500. 25 சென்ரிமீற்றர் அகலப் பேசினில் ஆறு கிலோ மண், அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்குக் கூழாங்கல். எரு இல்லை. இன்றுவரை அதே கணக்குத்தான். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுகிறேன்.

இனிச் செடி. நகரத்துக்கு வெளியே ஒரு பூச்செடிக் கடையில் "நில் மானெல், தேசிய மலர்" என்று சிங்களத்தில் அட்டை குத்தி வைத்திருந்தார்கள். 850 ரூபாய். போன வருடம் மார்ச் கடைசியில் நட்டேன், யூன் முதல் வாரம் பூத்தது. கடும் ஊதா. கத்தரிப்பூ நிறத்தை இன்னும் அழுத்தினால் வருகிற ஊதா. நடுவில் மஞ்சள். இதழ் இருபதுக்கு மேல். பிறகு ஓயவேயில்லை, வாரத்துக்கு நாலு ஐந்து பூ. அம்மாவுக்குக் கொண்டாட்டம். காலையில் மாடிக்கு ஏறி ஒன்றைக் கிள்ளிச் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் தேநீர்.

பெருமையாகப் படம் எடுத்து, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சிநேகிதிக்கு அனுப்பினேன். "வடிவான பூ. ஆனால் இது தேசிய மலர் இல்லை" என்று பதில் வந்தது. பிறகு ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் வகுப்பு.

இலங்கை 1986இல் தேசிய மலராக அறிவித்தது நிம்ஃபேயா நௌசாலி என்ற சுதேச இனத்தை. பழைய நூல்களில் அதையே ஸ்டெல்லாட்டா என்று எழுதியிருப்பார்கள், தேடும்போது குழம்ப வேண்டாம். நாங்கள் சின்ன வகுப்பில் நீலோற்பலம் என்றும் நீல அல்லி என்றும் படித்தது இதைத்தான். ஆனால் சுவரொட்டி, வாழ்த்து அட்டை என்று எங்கும் வந்த படம் பெரும்பாலும் ஊதாப் பூவினது. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்து, அந்த ஊதா இந்த நாட்டு இனமே இல்லை, ஒரு கலப்பினம் என்று காட்டினார்கள். அதற்கு நிம்ஃபேயா எரங்கே என்று பெயர். இதழும் ஊதாவுக்குத்தான் கூட. 2015இல் தேசிய மலரின் சிங்களப் பெயரையும் நில் மானெல் என்பதிலிருந்து நில் மஹனெல் என்று திருத்தினார்கள். என் கடைக்காரருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அவருக்கு விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சரி, காப்பு நிலை என்ன என்று பார்த்தேன். எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் நௌசாலி "குறைந்த கவலைக்குரியது". ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா வரை பரவிய பூ, ஆகவே கவலை இல்லை. ஊதாவுக்கு நிலையே கிடையாது. கலப்பினங்களை அந்தப் பட்டியலில் பொதுவாக மதிப்பிடுவதில்லை. ஆக ஒன்றுக்குக் கவலை இல்லை, மற்றதற்குப் பட்டியலில் இடமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எல்லாம் நலம் என்றுதான் தோன்றும். என் மாடியில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்: அசலின் பெயரை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து, அக்கறையோடு, தேசிய மலரை வளர்க்கிறேன் என்று நினைத்து நான் ஊதாவைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கொழும்பு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர். இங்கே குளங்குட்டைக்குக் குறைவில்லை. அடுத்த ஞாயிறு பத்தரமுல்லைப் பக்கம் இரண்டு குட்டைகளை எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஊதாதான்.

அசலை எங்கே எடுப்பது? பெல்லன்வில அத்திடியவில் போய்ப் பிடுங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சரணாலயம், அந்த வேலை வேண்டாம். வவுனியாவில் மாமா இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் குளம். "பிள்ளை, குளத்தில கிடக்கிற அல்லிக்கு பஸ் டிக்கெட்டா?" என்று சிரித்தாலும், செப்டெம்பரில் கிழங்கு எட்டு அனுப்பினார். குளம் வற்றிய நேரம். வெடித்த சேற்றுக்குள் கிழங்கு உறங்கிக் கிடக்கும், தோண்டினால் வரும். நான் நினைக்காத ஒன்று: வற்றிய குளத்தில் இலையும் இல்லை, பூவும் இல்லை. எந்த அல்லியின் கிழங்கு என்று மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொரு பரல் வாங்கி வெட்டினேன் (வெட்டுக்கூலியோடு 5,300). கிழங்கில் ஐந்து முளைத்தது. இலை வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்: விளிம்பு முழுக்க அரிவாள் பல், அடிப்பக்கம் தடவினால் மெத்தென்ற மயிர். டிசெம்பரில் வெள்ளைப் பூ. அதுவும் காலை ஆறரைக்கு நான் பார்க்கும்போது விரிந்திருந்தது, மத்தியானம் அம்மா பார்க்கும்போது மூடியிருந்தது. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு டோர்ச்சோடு ஏறினேன். பளிச்சென்று திறந்து நின்றது. இரவுப் பூ. நிம்ஃபேயா புபெசென்ஸ், சிங்களத்தில் ஓலு. மாமாவிடம் சொன்னேன். "அட, அதை அவிச்சுத் தின்னிறதெல்லோ" என்றார். அதன் விதையையும் அரிசி போலச் சமைப்பது வன்னியில் தெரிந்த விஷயம்தான்.

ஓலுவை எறியவில்லை. அதுவும் இந்த மண்ணின் பூ, நீல அல்லிக்குத் தாயாதி முறை. ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சொல்லப்படும் இந்த இரண்டையும் பிரித்தறிய இப்போது எனக்குப் பூவே தேவையில்லை. விளிம்பில் கூரான பல்லும் அடியில் மயிரும் இருந்தால் ஓலு. விளிம்பு பெரும்பாலும் வழுவழுவென்று, இலேசாக அலை மட்டும் அடித்து, அடியில் மயிரில்லாமல் இருந்தால் நீலம். அதோடு, ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் ஆறுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஓலுதான் தோதான பூ. நீலம் பகலில் விரிந்து, நாங்கள் வருமுன் மூடிவிடும்.

கிழங்கை நம்பிப் பயனில்லை, பூத்து நிற்கும்போது பார்த்து அந்தப் பூவின் காயையே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மாரி மழைக்குக் குளம் நிறைந்து பூக்கத் தொடங்கியதும், தை மாதம் மாமா நீலத்தின் காய் நாலைப் பறித்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்பினார். வந்து சேரும்போது ஒன்று உடைந்து, மற்றவை அழுகி, பொதி முழுக்க நாற்றம். பறித்ததே முற்றாத காய்.

அல்லிக் காய் முற்றுவது தண்ணீருக்கு அடியில். பூ மூடிய பிறகு காம்பு சுருண்டு காயைக் கீழே இழுத்துவிடும். முற்றியதும் அங்கேயே பிளந்து விதை போய்விடும். ஆகவே முன்கூட்டியே பை கட்ட வேண்டும். அம்மாவின் பழைய நுளம்பு வலையில் உள்ளங்கை அளவு பை ஆறு தைத்து அனுப்பினேன். மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கட்டினார் (மாமிக்கு அது பிடிக்கவில்லை). மாசிக் கடைசியில் ஒரு சோடாப் போத்தலில் குளத்துத் தண்ணீரோடு இரண்டு பை இரவு பஸ்ஸில் வந்தன. பொதிக்கு 500 ரூபாய். மூன்று முறைக்கும் 1,500.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. காயைக் கழுவிய பாத்திரத்தில் கடுகை விடச் சின்னதாய் விதைகள். பாதி மிதந்தன, பாதி அடியில். பதர் மிதக்கும், மணி தாழும் என்பது சின்ன வயதிலிருந்தே மண்டையில் ஏறிய பாடம். மிதந்ததை எல்லாம் வடித்து ஊற்றிவிட்டேன். அன்றிரவு சிநேகிதி சொன்னாள்: அல்லி விதையைச் சுற்றி காற்று நிறைந்த மெல்லிய உறை ஒன்று உண்டு. நல்ல விதையும் கொஞ்ச நேரம் மிதந்து, தூரப் போய், உறை அழுகிய பிறகுதான் தாழும். நான் ஊற்றியது நெல்லைத்தான். அவை இந்நேரம் வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஊதா நிறைந்த ஊரில் ஒன்றிரண்டாவது முளைத்தால் சந்தோஷம்.

மிச்ச விதையை இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டிகள் மூன்றில் போட்டேன். மூன்று சென்ரிமீற்றர் சலித்த களிமண், மேலே நாலு சென்ரிமீற்றர் தண்ணீர், நல்ல வெளிச்சம். பன்னிரண்டாம் நாள் நூல் மாதிரி முளை. எண்ணிப் பார்த்ததில் நாற்பதுக்குக் கிட்ட. முதல் இலைகள் தண்ணீருக்கு உள்ளேயே நிற்கும். மிதக்கும் இலை வர எனக்கு ஏழு வாரம் எடுத்தது. அதுவரை அதைப் பாசியிலிருந்து காப்பாற்றுவதுதான் முழு வேலை. இரண்டு பெட்டியைப் பாசி மூடிவிட்டது. மூன்றாவதில் நாளுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் பாசியைச் சுருட்டி எடுத்தேன்.

இதற்கிடையில் நுளம்பு. பெரிய தொட்டிகளில் கப்பி மீன் விட்டிருந்தேன் (இருபது மீன், 600 ரூபாய்), அங்கே ஒரு புழுவும் கிடையாது. நாற்றுப் பெட்டியில் மீன் விட்டால் முளையைக் கிளறிவிடும் என்று விடவில்லை. ஏப்ரலில் டெங்குச் சோதனைக்குப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். பெரிய தொட்டியில் டோர்ச் அடித்துப் பார்த்து, மீனைக் கண்டு தலையாட்டினார். பிறகு ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்தார். நெளிந்துகொண்டிருந்தன. டெங்கு நுளம்புக்கு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும், தேசிய மலர் என்று சொல்லித் தப்ப முடியாது. தண்டப்பணம் போடாமல் எச்சரித்துவிட்டுப் போனது அவருடைய நல்ல மனம். அன்றே நுளம்பு வலையை இரட்டையாகப் போட்டுப் பெட்டிகளை இறப்பர் பட்டியால் கட்டினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மே கடைசியில் ஆறு நாற்று மிஞ்சியது. தேநீர்க் கோப்பை அளவுச் சாடியில் மாற்றி, தொட்டிக்குள் செங்கல் அடுக்கி உயர்த்தி, தண்ணீருக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே வைத்தேன். இலை வளர வளர ஒவ்வொரு செங்கலாக எடுத்தேன். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கிய இரண்டு செத்துப்போயின. இன்னும் இரண்டை இலையில் அப்பிய செடிப்பேன் தின்றது. மருந்தடித்தால் மீன் சாகும், ஆகவே இலையை ஒரு கையால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் பேன் மிதந்து வரும், மீன் தின்னும். இதைக் கண்டுபிடிக்கும்போது மிஞ்சியது இரண்டு செடி.

இடமும் வேண்டும், அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் இருந்தது. ஊதாவும் நீலமும் பகல் பூ, நெருங்கிய சொந்தம், தேனீ இரண்டிலும் உட்காரும். பக்கத்தில் வைத்து விதை எடுத்தால் அது என்ன விதை என்று யாரும் சொல்ல முடியாது. ஊதாவை எடுக்க வேண்டும் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தினம் பூக்கிறதை விட்டிட்டு, பூக்காத ஒன்றுக்காகவா?" நியாயமான கேள்விதான். இருந்தாலும் யூலையில் எடுத்தேன். கால்வாயிலோ குட்டையிலோ போடவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. கிழங்கு, வேர் எல்லாவற்றையும் தகரத் தாளில் பரப்பி, மூன்று வாரம் வெயிலில் சருகாகக் காயவிட்டுக் குப்பையில் சேர்த்தேன். அந்த மூன்று வாரமும் வீட்டில் பேச்சு அளவாகத்தான் இருந்தது. சாமிக்குக் கடைச் செவ்வந்தி.

அடுத்த முறை செய்தால் பரலை விட அகலமான, ஆழம் குறைந்த தொட்டி எடுப்பேன், இலை பரவ இடம் போதவில்லை. விதையை ஒரே நாளில் எல்லாம் போடாமல் பாதியை வைத்திருப்பேன். எந்தச் செடியையும் பூவைப் பார்க்காமல் வாங்கமாட்டேன், பார்த்தால் இதழை எண்ணாமல் வாங்கமாட்டேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பார்த்தேன். எட்டு மணிக்கு மெல்ல விரிந்தது. இரண்டாம் நாள் என்பதால் மகரந்தம் உதிரத் தொடங்கியிருந்தது. முதல் நாளில் நடுக்கிண்ணத்தில் ஒரு திரவம் நிற்கும், சூல்முடி மகரந்தத்தை ஏற்பது அன்றைக்குத்தான். அன்று பக்கத்தில் வேறு நீலம் பூத்திருக்கவில்லை, ஆகவே இந்தப் பூவில் விதையை எதிர்பார்க்கவில்லை. வியாழன் காலை அதை நானே கிள்ளி அம்மாவிடம் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, "ஊதாவை விட இதுக்கு வாசம் இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது செடியில் ஒரு மொட்டு, முதல் செடியில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தால் போதும். மகரந்தம் தடவ அறுபது ரூபாய்க்கு ஒரு தூரிகை வாங்கி வைத்திருக்கிறேன், வலைப் பையில் இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது.